இவான் இல்லிச்: பள்ளியை மூடச் சொன்னவர் மட்டும்தானா?

வழிப்போக்கன்:

இவான் இல்லிச் என்றாலே "பள்ளிக்கூடத்தை மூடச் சொன்ன பாதிரியார்தானே?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இருபது வருடமாக அவரைத் திரும்பத் திரும்பப் படித்துவருபவன் நான். அவரை ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1926 செப்டம்பரில் வியன்னாவில் பிறந்தார். அப்பா டால்மேஷியக் கடற்கரையைச் சேர்ந்த குரோவேசியக் கத்தோலிக்கர். அம்மாவின் குடும்பம் யூத வழியில் வந்தது. பிறந்த சில மாதங்களிலேயே குழந்தையைத் தாத்தாவிடம் காட்ட பிராச் என்ற தீவுக்குப் படகில் கொண்டுபோனார்கள். அந்தத் தீவின் முதல் ஒலிபெருக்கியும் அதே படகில்தான் வந்து இறங்கியது. 1982இல் டோக்கியோவில் பேசும்போது இல்லிச்சே இதைச் சொல்கிறார். அன்று வரை தீவில் எல்லோருடைய குரலுக்கும் ஏறக்குறைய ஒரே பலம். அதற்கப்புறம் யார் பேச்சு எடுபடும் என்பது மைக் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததாகிவிட்டது. ஊருக்கெல்லாம் பொதுவாக இருந்த மௌனம், அடித்துப்பிடித்து எடுத்துக்கொள்ள வேண்டிய சரக்காக மாறியது என்கிறார்.

அவருடைய சிந்தனை முழுவதற்கும் இந்தக் கதை ஒரு வாசல் என்று நினைக்கிறேன். ஒலிபெருக்கி வந்த பிறகு வெறுங்குரலுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் அவர் கேள்வி. அதையேதான் காரை வைத்தும் பள்ளியை வைத்தும் மருத்துவமனையை வைத்தும் கேட்டார்.

யூதர்களுக்கு எதிரான சட்டங்களால் குடும்பம் வியன்னாவை விட்டு ப்ளாரன்ஸுக்குப் போனது. ரோமின் கிரிகோரியன் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் இறையியலும் படித்து, 1951இல் குருப்பட்டம் பெற்றார். அந்த மொழித்திறமைக்கும் அறிவுக்கும் வத்திக்கானிலேயே பெரிய பதவிக்குப் போயிருக்கலாம். ஆனால் நியூயார்க்கில் வாஷிங்டன் ஹைட்ஸ் என்ற பகுதியின் பங்குக்குப் போனார். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பிழைக்க வந்த மக்கள் அங்கே நிறைய இருந்தார்கள். அவர்களோடு பழகி ஸ்பானிஷ் கற்றார். 1956இல் போர்ட்டோ ரிக்கோவின் பொன்சே நகரக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் துணைத் தலைவராகப் போனார். 1960 தேர்தலில், குடும்பக் கட்டுப்பாட்டை அனுமதித்த ஆளுநர் முன்யோஸ் மரீனுக்கு ஓட்டுப் போடக்கூடாது என்று அங்கிருந்த ஆயர்கள் கட்டளையிட்டார்கள். இல்லிச் அதை வெளிப்படையாக எதிர்த்தார். தீவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1961இல் மெக்சிகோவின் குவெர்னவாக்காவில், வெளிநாட்டிலிருந்து வரும் குருக்களுக்கு ஸ்பானிஷ் கற்றுத்தரும் ஒரு மையத்தைத் தொடங்கினார். பின்னால் சிடாக் என்று பெயர்பெற்றது அதுதான்.

1971க்கும் 1976க்கும் நடுவே அவர் எழுதிய சிறு நூல்கள்தான் அவரை உலகறியச் செய்தன. எல்லாவற்றிலும் ஓடுகிற எண்ணம் ஒன்றே. ஒரு கருவியோ நிறுவனமோ ஒரு அளவு வரை மனிதருக்கு உதவும். அளவு தாண்டினால் எதற்காக உண்டாக்கினோமோ அதையே கெடுக்கும். காரைப் பற்றி அவர் போட்ட கணக்கு பிரபலம். அன்றைய அமெரிக்க ஆண் ஒருவர் தன் காருக்காக வருடத்தில் 1,600 மணி நேரத்துக்கு மேல் செலவிடுகிறார். ஓட்டும் நேரம், நெரிசலில் நிற்கும் நேரம், கார் தவணைக்கும் பெட்ரோலுக்கும் காப்பீட்டுக்கும் அபராதத்துக்கும் சம்பாதிக்கும் நேரம் எல்லாம் அதில் சேர்த்தி. போகும் தூரம் 7,500 மைல். வகுத்தால் மணிக்கு 5 மைல்கூட வரவில்லை. சற்று வேகமாக நடந்தால் போதும்.

அதைவிட முக்கியமானது, அந்தக் காருக்காக ஊரே தன்னை மாற்றிக்கொள்கிறது. கடையும் வேலையும் தூரத்துக்குப் போகின்றன. கார் வைத்திருக்காதவரும் நடந்து போக முடியாமல் ஆகிறது. இதைத்தான் அவர் அடிப்படை ஏகபோகம் என்றார். இரண்டு கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டியைப் பற்றி அவர் பேசவில்லை. கார் கம்பெனி நடையையே சந்தையிலிருந்து விரட்டிவிடுகிறது.

---

கரும்பலகை:

ஐயா, பொறுமையாகப் படித்தேன். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் பெண் நான். என் அம்மா ரேகைதான் வைப்பார். பள்ளிக்கூடம் என்று ஒன்று இல்லாவிட்டால் நான் இன்று எந்த வரப்பில் நின்றிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பல மொழிகள் பேசத் தெரிந்த, ரோமில் படித்த ஒருவர் பள்ளியே மனிதரைக் கெடுக்கிறது என்று எழுதலாம். படிக்கவே விடாமல் நூற்றாண்டுக் கணக்கில் தள்ளிவைக்கப்பட்டவர்களுக்கு அது எப்படிக் கேட்கும்? உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

---

வழிப்போக்கன்:

டீச்சர், நியாயமான கேள்வி. இல்லிச் இந்த முடிவுக்கு வந்தது போர்ட்டோ ரிக்கோவில் ஏழைப் பிள்ளைகளைப் பார்த்துத்தான். எவரெட் ரைமர் என்பவரை அங்கேதான் சந்தித்தார். கட்டாயப் பள்ளிக்கல்வி பற்றி முதன்முதலில் தனக்குக் கேள்வி எழுப்பியவர் ரைமர்தான் என்று நன்றியோடு சொல்கிறார்.

அவர் பார்த்தது இதுதான். ஏழை வீட்டுப் பிள்ளை நாலைந்து வருடத்தில் நின்றுவிடுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகம் வரை போகிறது. பள்ளிக்கு ஒதுக்கும் பொதுப்பணத்தில் பெரும்பங்கு அதிக நாள் உள்ளே இருப்பவனுக்கே போகிறது. வெளியே போன பிள்ளைக்குக் கிடைப்பது "நீ படிப்புக்கு லாயக்கில்லை" என்ற முத்திரை. முன்பு அவன் ஏழை மட்டும்தான். இப்போது தன் ஏழ்மைக்குத் தானே காரணம் என்று நம்பவும் பழகிவிட்டான். இந்த இரண்டாவது காயம்தான் இல்லிச்சை வதைத்தது.

இன்னொன்று. பள்ளியைப் பற்றிய அவருடைய நூலுக்கு "டீஸ்கூலிங் சொசைட்டி" (பள்ளியிலிருந்து சமூகத்தை விடுவித்தல்) என்ற தலைப்பு பதிப்பாளர் வைத்தது. கட்டிடங்களைப் பூட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. அரசையும் மதத்தையும் பிரித்ததுபோல அரசையும் பள்ளியையும் பிரிக்க வேண்டும் என்றார். எத்தனை வருடம் பள்ளியில் உட்கார்ந்தாய் என்று கேட்டு வேலை மறுப்பதைச் சட்டம் தடுக்க வேண்டும் என்றார். வேலை தெரியுமா என்று பார், எங்கே கற்றாய் என்று பார்க்காதே.

---

கரும்பலகை:

புரிகிறது ஐயா. நின்றுபோன பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சில முகங்கள் வந்துபோயின. எட்டாவதில் தேறாத பையன் ஒருவன், மோட்டாரைப் பிரித்து மாட்டுவான். "எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்றுதான் எப்போதும் சொல்வான். அவனுக்கு அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான்.

ஆனால் கடைசி வரியை ஏற்க மாட்டேன். சான்றிதழைப் பார்க்காதே என்றால் வேலை கொடுப்பவர் வேறு எதைப் பார்ப்பார்? எங்கள் ஊரில் முதலில் சாதியைப் பார்ப்பார். அந்தக் காகிதம் இருந்ததால்தான் என்னை உள்ளே விட்டார்கள்.

---

வழிப்போக்கன்:

இதற்கு இல்லிச்சிடம் போதுமான பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை டீச்சர். அவர் பார்த்த சமூகங்களில் சான்றிதழ் ஒரு வேலி. நீங்கள் சொல்லும் இடத்தில் அது ஒரு கேடயம். இரண்டும் உண்மை.

---

பழைய செமினேரியன்:

நானும் சில வருடம் குருமடத்தில் இருந்தவன். இல்லிச்சைப் பள்ளி, மருத்துவம், கார் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். அவர் முதலில் விமர்சித்த நிறுவனம் திருச்சபை.

அறுபதுகளின் தொடக்கத்தில், அமெரிக்கத் திருச்சபை தன் குருக்களிலும் துறவியரிலும் பத்தில் ஒரு பங்கை லத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்று ரோம் கேட்டது. அப்படிப் போகிறவர்களுக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கத்தான் குவெர்னவாக்கா மையம். ஆனால் இல்லிச்சின் உள்நோக்கம் வேறு. வருகிறவர்களில் பலரைத் திரும்பிப் போக வைப்பதுதான் அவர் விருப்பம். உதவி என்ற பெயரில் இவர்கள் அமெரிக்க வாழ்க்கைமுறையை விற்க வருகிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. 1967இல் இதையே கட்டுரையாக எழுதினார். 1968இல், மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்கள் முன்னால் நின்று, உங்கள் நல்லெண்ணத்தோடு வீட்டுக்குப் போங்கள், சுற்றிப்பார்க்க வாருங்கள், கற்றுக்கொள்ள வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்றார். அழைத்தவர்களிடமே அப்படிப் பேசினார்.

அதே 1968இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டது. நீளமான கேள்விப் பட்டியல். பதில் சொல்ல மறுத்தார். பேராயத்தின் தலைவர் கர்தினால் ஷேப்பரும் குரோவேசியர். விடைகொடுக்கும்போது தாய்மொழியில், போங்கள், திரும்பி வராதீர்கள் என்றாராம். தஸ்தயேவ்ஸ்கியின் கதையில், மீண்டும் பூமிக்கு வந்த இயேசுவைச் சிறைபிடித்த விசாரணை நீதிபதி அவரிடம் கடைசியாகச் சொல்லும் வார்த்தை அது என்று படியிறங்கும்போதுதான் இல்லிச்சுக்கு உறைத்தது. 1969இல் சிடாக்குக்குக் குருக்கள் போகக்கூடாது என்று தடை வந்தது. அந்த வருடமே அவர் குருத்துவப் பணிகளிலிருந்து தாமாக விலகிக்கொண்டார். ஆனால் விசுவாசத்தை விடவில்லை, திருச்சபையை ஏசித் திரியவும் இல்லை.

கடைசிக் காலத்தில் கனடா வானொலியாளர் டேவிட் கேலியிடம் பேசியதில்தான் எல்லாவற்றுக்கும் வேர் தெரிகிறது. இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையை அவர் விளக்கும் விதமே தனி. அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் தூக்கியது கடமைக்காக அல்ல. அவன் இவனுடைய இனமும் இல்லை. வயிறு கலங்கியதால் தூக்கினான். யார் எனக்கு அயலான் என்பதை எந்த விதியும் சொல்ல முடியாது என்பதே அதன் பொருள் என்கிறார். பிறகு திருச்சபைக்கு அதிகாரம் வந்தபோது, வழிப்போக்கர்களுக்குத் தங்குமிடங்கள் கட்டினார்கள். நான்காம் நூற்றாண்டில் ஜான் கிறிசோஸ்டம் அப்போதே எச்சரித்தாராம். அதற்கு முன் ஒவ்வொரு கிறிஸ்தவ வீட்டிலும், தெரியாத யாரோ கதவைத் தட்டினால் கொடுக்க ஒரு பாயும் ஒரு மெழுகுவர்த்தித் துண்டும் கொஞ்சம் காய்ந்த ரொட்டியும் இருக்கும். விடுதி கட்டிவிட்டால் அந்தப் பாயைச் சுருட்டி வைத்துவிடுவார்கள் என்று.

நவீன நிறுவனங்கள் எல்லாமே அந்த விடுதியின் பிள்ளைகள் என்பதுதான் இல்லிச்சின் முடிவு. மிகச் சிறந்தது கெட்டால் அதைவிடக் கேடு வேறில்லை என்ற பழைய லத்தீன் வாக்கியத்தை அவர் அடிக்கடி சொன்னதும் இதனால்தான். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

---

இரவுப்பணி:

செமினேரியன் அண்ணா, அந்தப் பாய் விஷயம் மனதில் நிற்கிறது. நான் செவிலியர், பதினாறு வருட சர்வீஸ். மருத்துவத்தைப் பற்றி இல்லிச் எழுதிய "மெடிக்கல் நெமிசிஸ்" நூலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மருத்துவத் துறையே உடல்நலத்துக்குப் பெரிய ஆபத்தாகிவிட்டது என்றுதான் 1975இல் வந்த அந்த நூல் தொடங்குகிறது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவர் கொடுத்த காசநோய்க் கணக்கைப் பார்த்தேன். நியூயார்க்கில் 1812இல் பத்தாயிரம் பேருக்கு 700க்கு மேல் சாவு. 1882இல் ராபர்ட் கோக் என்ற மருத்துவர் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தபோதே அது 370 ஆகிவிட்டது. 1910இல் 180. ஆன்டிபயாடிக் பரவலாவதற்கு முன்பே 48. சாப்பாடும் வீடும் தண்ணீரும் செய்த வேலை இது என்கிறார். அதே சமயம் தடுப்பூசி, சோப்பு, சுத்தமான தண்ணீர் போன்றவற்றின் பலனை அவர் மறுக்கவில்லை. 1913 வாக்கில்தான், மருத்துவம் படித்தவரிடம் போனால் குணமாகும் வாய்ப்பு பாதிக்கு மேல் வந்தது என்றும் எழுதியிருக்கிறார். பிறகு எங்கோ அளவு தாண்டியது.

மூன்று விதமான கேடு சொல்கிறார். மருந்தாலும் அறுவையாலும் நேரும் கேடு ஒன்று. பிறப்பிலிருந்து சாவு வரை எல்லாவற்றுக்கும் டாக்டர் கையெழுத்து வேண்டும் என்றாவது இரண்டாவது. வலியையும் முதுமையையும் சாவையும் தாங்கிக்கொள்ள ஒவ்வொரு சமூகத்துக்கும் இருந்த கலை அழிந்துபோவது மூன்றாவது. முதலாவதைக் குறைக்கத்தான் எங்களுக்கு நெறிமுறைகள் இருக்கின்றன. மூன்றாவதை நான் தினமும் பார்க்கிறேன். நெஞ்சில் ஒயரும் மூக்கில் குழாயுமாக ஒரு பெரியவர். வெளியே பிள்ளைகள். உள்ளே போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கிறார்கள். சொந்த அப்பாவின் கையைப் பிடிக்க.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போகிற பெண்ணை வைத்துக்கொண்டு நான் இல்லிச்சை நினைக்க மாட்டேன். ஆக்ஸிடாசினைத்தான் தேடுவேன்.

---

வழிப்போக்கன்:

சிஸ்டர், அந்த முதல் வரியை அவரே பின்னால் திருத்திக்கொண்டார். ஏறக்குறைய பத்து வருடம் கழித்து, இப்போது எழுதினால் மருத்துவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஆரோக்கியத்தைத் துரத்திக்கொண்டே இருப்பதுதான் நோயாகிவிட்டது என்ற பொருளில் சொன்னார். சோதனை எண்களை வைத்து நம்மை நாமே ஒரு இயந்திரத்தைப்போல் கண்காணிப்பதைத்தான் அவர் அஞ்சினார்.

---

குறுநிரல்:

நான் மென்பொருள் துறை. எங்கள் பக்கத்திலிருந்து ஒரு தகவல். இல்லிச்சின் "டூல்ஸ் ஃபார் கன்விவியாலிட்டி" (கூடி வாழ உதவும் கருவிகள்) நூல் 1973இல் வந்தது. ஒரு கருவியை யார் வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும், தனக்குப் பிடித்த காரியத்துக்கு, யாரிடமும் சான்றிதழ் வாங்காமல் பயன்படுத்த முடியுமா என்பதே அவர் வைத்த அளவுகோல். தொலைபேசி அதில் தேறியது. தனிநபர் கணினியின் முன்னோடிகளில் ஒருவரான லீ ஃபெல்சன்ஸ்டைன் இந்த நூலால் உந்தப்பட்டவர். பயனரே பிரித்துப் பார்த்துச் சரிசெய்யக்கூடியதாகக் கணினி இருக்க வேண்டும் என்பதை அங்கிருந்துதான் எடுத்தார்.

பள்ளி நூலில் இல்லிச் நான்கு வலைகளைச் சொல்லியிருந்தார். கற்கத் தேவையான பொருள்கள் கிடைக்கும் வலை, திறமையைக் கைமாற்றும் வலை, ஒரே விஷயத்தில் ஆர்வமுள்ளவரைத் தேடிச் சேர்க்கும் வலை, வழிகாட்டக்கூடியவர்களைக் காட்டும் வலை. 1971இல்! இணையத்தையே முன்கூட்டிச் சொன்னார் என்று எங்கள் ஆட்கள் கொண்டாடுவார்கள்.

ஆனால் இன்று என் கையிலுள்ள போனை அந்த அளவுகோலில் வைத்தால் தேறாது. பின்மூடியைத் திறக்கவே முடியாது. ரேஷன், வங்கி, டிக்கெட் எல்லாம் அதன் வழியாகத்தான். வைத்துக்கொள்ளாமல் இருக்கும் உரிமை போய்விட்டது. காருக்கு நடந்ததேதான் இதற்கும். அப்புறம் அவருடைய நிழல் உழைப்பு என்ற கருத்து. கூலி இல்லாமல், ஆனால் கூலிப் பொருளாதாரம் ஓடுவதற்காகவே நாம் செய்யும் வேலை. முன்பு வங்கி ஊழியர் நிரப்பிய படிவத்தை இப்போது நான் ராத்திரி பதினொரு மணிக்கு ஓடிபி-க்குக் காத்திருந்து நிரப்புகிறேன். 1981இல் எழுதிவிட்டார் மனிதர்.

---

கரும்பலகை:

மொழியைப் பற்றி அவர் எழுதியது ஏதாவது உண்டா? கேட்கக் காரணம் இருக்கிறது. பேசும் தமிழ் தப்பு என்று சொல்லித்தான் நாங்கள் வகுப்பையே தொடங்குகிறோம்.

---

வழிப்போக்கன்:

நல்ல இடத்தில் கேட்டீர்கள். நிழல் உழைப்பைப் பற்றிய "ஷேடோ வொர்க்" தொகுப்பிலேயே இருக்கிறது. 1492 ஆகஸ்ட் 3இல் கொலம்பஸ் கப்பலேறுகிறார். பதினைந்து நாள் கழித்து நெப்ரிஹா என்ற இலக்கண அறிஞரின் காஸ்டிலிய மொழி இலக்கணம் வெளிவருகிறது. அரசி இசபெல்லாவுக்குச் சமர்ப்பணம். மொழி எப்போதும் பேரரசின் துணை என்று முன்னுரையில் எழுதுகிறார். மக்கள் கட்டுப்பாடில்லாமல் தாங்களாகப் பேசவும், அச்சில் வந்ததைப் படிக்கவும் செய்கிறார்கள், இதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது அவர் வாதம்.

கொலம்பஸ் கடலுக்கு அப்பால் நிலம் பிடிக்கப் போனார், நெப்ரிஹா உள்நாட்டு நாக்கைப் பிடிக்க வழி சொன்னார் என்று இல்லிச் இருவரையும் பக்கத்தில் வைக்கிறார். அதுவரை தாயிடமும் தெருவிலும் தானாக வந்த பேச்சு, அன்றிலிருந்து சம்பளம் வாங்குகிறவர் கற்றுத்தர வேண்டிய பொருளாயிற்று. தாய்மொழியைக்கூட ஒருவர் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணமே புதிது என்கிறார்.

---

கரும்பலகை:

திங்கட்கிழமை வகுப்பில் முதல் பத்து நிமிடம் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அவர்கள் பேசட்டும்.

---

கதிர்:

எல்லோரும் புகழ்கிறீர்கள். 1982இல் வந்த "ஜெண்டர்" நூலையும் சொல்லுங்கள். பழைய சமூகங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி உலகமும் கருவிகளும் இருந்தன, அது அழிந்ததால்தான் பெண் இரண்டாம்தரத் தொழிலாளி ஆனாள் என்கிறார். அந்தத் தனி உலகத்துக்குள் பெண் எப்படி அடிபட்டாள் என்பது அவர் கண்ணில் படவே இல்லையா? கலிபோர்னியாவின் பெர்க்லியில் பெண்ணிய அறிஞர்கள் அவரை நேருக்கு நேர் மறுத்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம்.

---

வழிப்போக்கன்:

ஒத்துக்கொள்கிறேன் கதிர். அவர் நூல்களில் நான் திரும்ப எடுக்காதது அது ஒன்றுதான். இழந்ததைப் பற்றிய வருத்தம் அங்கே கண்ணை மறைத்துவிட்டது.

---

இரவுப்பணி:

அவருக்குக் கடைசியில் முகத்தில் கட்டி இருந்ததாகக் கேள்விப்பட்டேன். சிகிச்சை எடுக்கவில்லையா?

---

பழைய செமினேரியன்:

கன்னத்தில் கட்டி, சிஸ்டர். அறுவை செய்தால் பேச்சு போகலாம் என்றதால் வேண்டாம் என்று முடிவெடுத்தார். இருபது வருடம் அதோடுதான் வாழ்ந்தார். வலி தாங்க அபின் எடுத்துக்கொண்டார். அந்த நிலையிலேயே பென்சில்வேனியாவிலும் ஜெர்மனியின் ப்ரேமெனிலும் பாடம் நடத்தினார். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி ஹியூ எப்படிப் படித்தார் என்று ஒரு அழகான நூல் எழுதியதும் அப்போதுதான். வீட்டில் எப்போதும் நண்பர்கள், மேசையில் ஒயின். 2002 டிசம்பர் 2ஆம் தேதி ப்ரேமெனில் இறந்தார்.

அவர் சொன்னதை எல்லோரும் ஏற்க வேண்டாம். ஆனால் தான் எழுதியதைத் தன் உடம்பின் மேல் பரீட்சித்துப் பார்த்தவர். சிடாக்கும் அப்படித்தான். நல்ல பெயரோடும் வருமானத்தோடும் ஓடிக்கொண்டிருந்தபோதே, இதுவும் ஒரு நிறுவனமாக இறுகிவிடும் என்று 1976 ஏப்ரல் 1இல் விருந்து வைத்து மூடிவிட்டார். ஆசிரியர்கள் தனித்தனியாக ஸ்பானிஷ் பள்ளிகள் நடத்தத் தொடங்கினார்கள்.

---

கதிர்:

எங்கே தொடங்கலாம்?

---

வழிப்போக்கன்:

முதலில் "எனர்ஜி அண்ட் ஈக்விட்டி". கார் கணக்கு வரும் சின்ன நூல், ஒரே நாளில் முடியும். அடுத்து, 1978இல் சேவாகிராமத்தில் அவர் ஆற்றிய உரை. காந்தியின் குடிசைக்குள் உட்கார்ந்து யோசித்ததைச் சொல்கிறார். மண்ணும் மரமும் வைத்துக் கையால் கட்டியது என்பதால் அதை வீடு என்பதைவிட இல்லம் என்றே சொல்ல வேண்டும் என்கிறார். வீடு சாமான் வைக்கும் இடம், இல்லம் மனிதர் இருக்கும் இடம் என்பது அவர் போடும் வேறுபாடு. சில பக்கம்தான். பிறகு கன்விவியாலிட்டி. பள்ளி நூலைக் கடைசியில் படியுங்கள், டீச்சர் கேட்ட கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு.

---

கதிர்:

நூல் இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குள் நேற்று ராத்திரி அவருடைய கார் கணக்கை என் பைக்குக்குப் போட்டுப் பார்த்தேன். வருடம் 9,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். நகரத்துக்குள் சராசரி 25 என்று வைத்தால் 360 மணி நேரம் வண்டியின் மேல். தவணை வருடத்துக்கு 36,000. பெட்ரோல் 20,000. காப்பீடு, சர்வீஸ், டயர் 6,000. எல்லாம் சேர்த்து 62,000. என் சம்பளம் மணிக்கு நூறு ரூபாய் வருகிறது. ஆக வண்டிக்காகவே 620 மணி நேரம் வேலை செய்கிறேன். மொத்தம் 980. வகுத்தால் மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம்.

மொட்டைமாடியில் அப்பாவின் பழைய சைக்கிள் கிடக்கிறது. டியூப் மட்டும் மாற்ற வேண்டும்.